சுகிர்தம் அக்காவும் நாற்பத்தொரு சாட்சிகளும்

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்குச் செய்தி வந்தது. சேலையூரில் எங்கள் தெருமுனைக் கடையில், பால் பாக்கெட் ஒழுகுகிறது, மாற்றிக் கொடு என்று கடைக்காரரோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு வயதில் எனக்கு மிச்சமிருக்கிற வீரம் அவ்வளவுதான். கைபேசி அடித்தது.

"அங்கிள், ஜெனிட்டா பேசறேன். சுகிர்தம் அத்தை போயிட்டாங்க அங்கிள். விடியக்காலைல, தூக்கத்துலயே."

"எப்பம்மா எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் யார் போனது என்பதே எனக்கு உறைத்தது. அந்தப் பெண் அழுகையை அடக்கிக்கொண்டு, "நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம் அங்கிள்" என்றாள். ஜெனிட்டா சுகிர்தம் அக்காவின் அண்ணன் மகள். கடைசி ஆறு ஆண்டுகள் அக்காவைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டவள்.

ஒழுகுகிற பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே மீனா அடுப்பை அணைத்துவிட்டாள். சொன்னேன். "ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்கலாம்ல" என்றாள். ஆறு ஆண்டுகளாக என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். ஆறு ஆண்டுகளாக நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடக்கம் முடிந்ததும் ஜெனிட்டா என்னிடம் வந்து, "ஞாயித்துக்கிழமை நினைவு ஆராதனையில மூணு நிமிஷம் பேசுங்க அங்கிள். அத்தைகூட வேலை பார்த்தவங்கன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க" என்றாள். பேச எனக்கு நா எழாது, எழுதி வாசிக்கிறேன் என்றேன். எழுதியது மூன்று நிமிடத்தில் அடங்கவில்லை. பாதியில் என்னைக் கீழே இறக்கிவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது கேட்டு முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

சபையார் பலருக்கு அக்காவை ஞாயிற்றுக்கிழமைகளில் தெரியும். மூன்றாம் வரிசையின் இடது ஓரம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. மற்ற ஆறு நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதை நான் சொல்கிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். இரண்டு அறை, ஐந்து மேசை, ஒரு மின்விசிறி. பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போட்டுக்கொண்டிருந்த ஒரு பதிப்பாளருக்கு, தன் பெயர் நிலைக்கும்படியாக ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி போட்டுவிட வேண்டும் என்று திடீரென்று ஆசை வந்தது. அவரை நாங்கள் முதலாளி என்றே சொல்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஐந்து பேரை வேலைக்கு எடுத்தார். ஆங்கில எழுத்துகளை எங்களுக்குள் பங்கு பிரித்தார். நான் முதலில் சேர்ந்தவன் என்பதால் என்னைப் பொறுப்பாளராக்கினார். எங்கள் எல்லோரையும்விட ஆங்கிலமும் தமிழும் தெரிந்த சுகிர்தம் அக்கா ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்தார். அவருக்கு டி என்ற எழுத்து கிடைத்தது. அதில்தான் 'டேக்' இருந்தது, 'கிவ் அண்ட் டேக்' என்கிறோமே, அந்த டேக்.

என்னைவிட அக்கா ஆறு வயது மூத்தவர். ஆனாலும் கடைசிவரை என்னை "நீங்க" என்றுதான் சொன்னார்.

முதல் வாரமே எனக்குச் சூடு கொடுத்தார். வேலை எப்படி என்று காட்டுகிற தோரணையில், "இது என்னக்கா பெரிய விஷயம், டேக்னா எடு. போட்டுட்டுப் போங்க" என்றேன்.

"தலைவலிக்கு மாத்திரை எடுத்தீங்களா வரதன்?"

"எடுத்தேன்."

"எங்கேர்ந்து எடுத்தீங்க? டப்பாவுலேர்ந்தா?"

மற்ற மூவரும் சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்தது. அன்று மாலை அக்கா என்னைக் கேம்ப் ரோட்டில் சலீம் பாய் மருந்துக் கடைக்கு அழைத்துப்போனார். அரை மணி நேரம் ஓரமாக நின்றோம். வருகிறவர்களிடமெல்லாம் சலீம் பாய், "ராத்திரி சாப்பிட்டுட்டு ஒண்ணு போட்டுக்கோங்க", "காலைல வெறும் வயித்துல போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு முறைகூட எடுங்க என்று சொல்லவில்லை. அக்கா கைப்பையிலிருந்து ஒரு காகிதச் சீட்டை உருவி எழுதினார். முன்பக்கம் பொருளும் தமிழ்ச் சொல்லும். பின்பக்கம்: 'சலீம் பாய், மருந்துக் கடை, கேம்ப் ரோடு.'

அதுதான் அக்காவின் முறை. ஒரு பொருளுக்கு ஒரு தமிழ்ச் சொல் போட வேண்டுமானால், அந்தச் சொல்லை வாழ்க்கையில் புழங்குகிற மூன்று பேர் வாயிலிருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் சாட்சி ஆக முடியாது, ஏனென்றால் நாங்கள் புத்தகம் படித்துக் கெட்டுப்போனவர்கள். அதைவிட முக்கியம், சொன்னவரிடம் பெயரைக் கேட்டு, எழுதிக்கொள்ளலாமா என்று அனுமதி வாங்க வேண்டும். "அவங்க வார்த்தை, வரதன். நாம வாங்கிக்கறோம். யார்கிட்ட வாங்கினோம்னு சொல்ல வேணாமா?" என்பார். அகராதியின் கடைசிப் பக்கத்தில் அத்தனை பேர் பெயரும் ஊரோடு அச்சாகும் என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்தார். நாங்களும் ஆரம்பத்தில் அதே மாதிரி செய்து பார்த்தோம். இரண்டு மாதத்தில் எங்களுக்குக் கால் வலித்துவிட்டது.

அக்காவுக்கு வலிக்கவில்லை. 'டேக்' என்ற ஒரு வினைச்சொல்லுக்காக அவர் தாம்பரத்தைச் சுற்றி நடந்த நடை கொஞ்சமில்லை. படப்பை வழியாகப் போகிற பஸ்ஸில் கண்டக்டர், "ஒரகடம் போக டைம் புடிக்கும், உள்ள போங்க" என்றதற்குச் சீட்டு. பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் புஷ்பா, குழந்தையைத் தூக்கிக் காட்டி, "அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்றதற்குச் சீட்டு. மறைமலை நகர் கம்பெனி பஸ் ஓட்டுகிற தனசேகர், "நான் லீவே போடறதில்லீங்க" என்று பெருமையாகச் சொன்னதற்குச் சீட்டு. அனகாபுத்தூரில் ஏகாம்பரம் என்ற நெசவாளி தன் தம்பியின் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட கதையைச் சொல்லப்போக, அவரிடம் ஒரே நாளில் நான்கு சீட்டு தேறியது. கேட்கிற இடத்தில் எழுதுவதும் எல்லோரையும் மரியாதையாகப் பேசுவதும் பார்த்து, எல்லோரும் அக்காவை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லீங்க என்று அவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

தாம்பரம் மார்க்கெட்டில் கஸ்தூரி என்று ஒரு காய்கறிக்காரம்மா. பேரம் பேசிய ஒருவரை, "இஷ்டம் இருந்தா எடு, இல்லாங்காட்டி வுட்டுட்டுப் போய்கினே இரு" என்று விரட்டினார். அக்கா அங்கேயே குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா டீச்சர் எய்திக்கினு கீற? திட்டுனதையா?"

"திட்டலம்மா, அழகா சொன்னீங்க. புத்தகத்துல போடப்போறேன். உங்க பேரோட."

"எம் பேரா? புக்குலயா?" கஸ்தூரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார். "ஏ, கேட்டியா? எம் பேரு புக்குல வருதாம்!" அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "டீச்சர், புக்கு வந்துச்சா?" என்று கேட்பார். ஏறக்குறைய பத்து வருடம் கேட்டார்.

இதையெல்லாம் நான் அன்று கேலி செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாட்சிக் கூண்டு என்று அக்காவின் மேசைக்குப் பெயர் வைத்தவன் நான்தான். அவர் கோபப்பட்டதில்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போய், விசிறி நின்று, எல்லோரும் கையில் கிடைத்த தாளால் விசிறிக்கொண்டிருந்தோம். அந்த வினைச்சொல்லின் பூர்வீகத்தை அக்கா அன்றைக்குச் சொன்னார்.

"இந்தச் சொல் இங்கிலீஷ்காரனோட சொந்தச் சொல் இல்ல, தெரியுமா? ஐரோப்பாவோட வடக்குலேர்ந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்துல கொள்ளையடிச்சாங்களே, அந்தக் கடல் கொள்ளைக்காரங்க கொண்டுவந்தது. அவங்களுக்கு முன்னாடி இதே பொருளுக்கு ஊர்க்காரங்க வேற சொல் வச்சிருந்தாங்க. நிமன். நல்லா புழக்கத்துல இருந்த சொல். வந்த சொல் உக்காந்துருச்சு, இருந்த சொல் செத்துப்போச்சு."

"அடையாளமே இல்லாமலா?" என்றேன்.

"கொஞ்சம் இருக்கு. கை மரத்துப்போச்சுன்னா இங்கிலீஷ்ல 'நம்'னு ஒரு சொல் சொல்றாங்க பாருங்க, அது செத்துப்போனதோட பிள்ளை. உணர்ச்சியைப் பறிகொடுத்த கை." சற்று நேரம் விசிறிக்கொண்டிருந்தார். "வந்த சொல்லையும் குறை சொல்ல முடியாது. அதோட பழைய உறவுக்கார மொழிகள்ல பார்த்தா, தொடறதுங்கறதுதான் பொருளாம். முதல்ல தொட்டிருக்காங்க. அப்புறம் பிடிச்சிருக்காங்க. அப்புறம் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அப்புறம்தான் ஏத்துக்கறது, பொறுத்துக்கறது எல்லாம் வந்திருக்கு. பொறுத்துக்கறது ரொம்பப் பின்னாடி வந்த பொருள் வரதன்."

அந்த வரிசையில்தான் பொருள்களை அடுக்கினார். தொடுவதில் ஆரம்பித்துத் தாங்குவதில் முடிகிற பட்டியல். அதைவிடச் சிறப்பாக அந்தச் சொல்லுக்கு யாரும் தமிழில் எழுதியதை நான் பார்த்ததில்லை. இதை நான் அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

பதினோராம் ஆண்டில் மற்ற எல்லா எழுத்துகளும் முடிந்துவிட்டன. எங்களில் மூன்று பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் அக்காவும் மட்டும். டி எழுத்தில்கூட எல்லாம் முடிந்து, டேக் மட்டும் நின்றது. அதிலும் ஒரே ஒரு பொருள். தாங்குவது. 'என்னால் தாங்க முடியவில்லை' என்கிறோமே, அது. அதற்கு இரண்டு சாட்சிதான் இருந்தது. மூன்றாவது கிடைக்கவில்லை.

கிடைக்காமல் என்ன? ஊர் முழுக்க அந்தச் சொல்தான். ஆஸ்பத்திரி வாசலில் அக்கா காதாலேயே கேட்டார். ஒரு அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு அதையே சொல்லி அழுதுகொண்டிருந்தார். அக்கா வெறும் சீட்டோடு திரும்பி வந்தார்.

"எழுதிட வேண்டியதுதானே?" என்றேன்.

"பேர் கேக்கணுமே வரதன். அழுதுட்டிருக்கறவங்ககிட்ட போய், உங்க பேர் என்னம்மா, எழுதிக்கட்டுமான்னு கேக்க முடியுமா?"

"பேர் இல்லாம எழுதுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெறும் சீட்டைக் கைப்பையில் போட்டு மூடினார். ஐந்து மாதம் அப்படியே போனது. முதலாளி மாடிப்படி ஏறி வந்து, "என்னய்யா பாக்கி?" என்று கேட்டார். "ஒரு சாட்சி சார்" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. புரியவைக்க நானும் மெனக்கெடவில்லை. பள்ளி திறப்பதற்குள் புத்தகம் வெளிவர வேண்டும் என்றார். போகும்போது என் தோளில் கையை வைத்து, "தலைமைப் பதிப்பாசிரியர்னு முதல் பக்கத்துல உங்க பேரைப் போடறோம் வரதன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த ஒரு வரியில் விழுந்தேன். வேறு யாரும் என்னைத் தள்ளவில்லை.

அடுத்த வாரம் அக்காவின் அம்மா இறந்தார். அக்கா எட்டு நாள் லீவு போட்டார். அந்த எட்டு நாளில் நான் இதைச் செய்தேன். அக்காவின் டேக் கட்டை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினேன். பழைய அகராதி ஒன்றிலிருந்து பாதி, கைபேசியில் தட்டினால் வருகிற மொழிபெயர்ப்பிலிருந்து பாதி என்று இரண்டு மத்தியானத்தில் அந்தச் சொல்லை முடித்தேன். மாத்திரையை எடு என்று போட்டேன். பேருந்தை எடு என்று போட்டேன். நாற்பது பேரின் சாட்சிப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தின்றது, அதையும் தூக்கினேன். அச்சுக்கு அனுப்பிவிட்டு ஓட்டலில் போய்த் தோசை சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.

ஒன்பதாம் நாள் அக்கா வந்தார். முகம் வாடி, புடவை கசங்கி, கையில் குடை. உட்காருவதற்கு முன்னாலேயே கைப்பையைத் திறந்து ஒரு சீட்டை என் மேசையில் வைத்தார்.

"கிடைச்சிருச்சு வரதன். நாற்பத்தொண்ணாவது சாட்சி, எங்க அண்ணி. அம்மாவைக் கொண்டுபோனப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டேன், எழுதிக்கட்டுமான்னு. எழுதிக்கோன்னாங்க. முடிஞ்சிருச்சு. அனுப்பிடலாம்."

சொந்தத் தாயைப் பறிகொடுத்த வீட்டிலும் அந்தச் சொல்லின் ஞாபகமாகவே இருந்திருக்கிறார். புத்தகம் அச்சகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சீட்டைப் பார்த்தேன். "சரிக்கா" என்றேன். இழுப்பறையைத் திறந்து அதை உள்ளே போட்டேன். அந்தச் சீட்டு பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

மே மாதக் கடைசியில் முதல் பிரதி வந்தது. முதலாளி லட்டு வாங்கி அனுப்பியிருந்தார். அக்கா லட்டைத் தொடவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். பின்னாலிருந்து நாலைந்து பக்கம் புரட்டினார். திரும்பவும் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"பேர் எங்கே வரதன்?"

நான் பாய்ந்து முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "இதோக்கா. என் பேருக்கு அடுத்ததா உங்க பேர்தான். பெரிய எழுத்துல போடச் சொன்னேன்."

"என் பேரைக் கேக்கல."

பிறகு டேக் எடுத்துப் பார்த்தார். நின்றுகொண்டே இரண்டு பக்கமும் வாசித்தார். ஒரு வரி விடாமல் வாசித்தார் என்பது விரல் நகர்ந்ததிலிருந்து தெரிந்தது. நான் ஏதேதோ சொன்னேன். முதலாளி அவசரப்படுத்தினார், அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம், பிள்ளைகளுக்கு இது போதும். எல்லாம் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்ற ஒன்றைத்தான் சொல்லவில்லை. அவர் புத்தகத்தை மூடி, தண்ணீர் குடிக்கும் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "சீட்டுப் பெட்டியை நான் கொண்டுபோகலாமா?" என்று கேட்டார்.

பெட்டி இல்லை. இடத்தை அடைக்கிறது என்று முதலாளி சொன்னதால் முந்தின வாரம்தான் பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தது. படியில் இறங்குவதற்கு ஒரு கை பிடித்தவனும் நானே. அதையும் சொன்னேன்.

"பரவாயில்ல. ஆளுங்களை எனக்குத் தெரியும்" என்றார். படி இறங்கிப் போனார். பிறகு வேலைக்கு வரவில்லை.

புத்தகம் ஒரு பதிப்போடு நின்றது. கைபேசி இருக்கும்போது அகராதியை யார் வாங்குகிறார்கள்? அலுவலகத்தை மூடினார்கள். எனக்கு மிஞ்சியது முதல் பக்கத்து அந்த ஒரு வரி.

அதன் பிறகு ஆறு ஆண்டுகள். என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு முறை கேம்ப் ரோட்டில் எதிரே வந்தார். நான் அவசர வேலை இருப்பதுபோல ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜெனிட்டா கையில் கேக் கொடுத்தனுப்பினார். வெட்கமே இல்லாமல் தின்றேன்.

புதன்கிழமை அடக்கத்துக்குப் போனேன். வீட்டு வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா. உறவினர்களையும் சபையாரையும் தாண்டி, தெருவில் ஒரு கூட்டம் தனியாக நின்றது. காக்கிச் சட்டை டிரைவர், தொப்பி வைத்த சலீம் பாய், வெள்ளை வேட்டியில் அனகாபுத்தூர் ஏகாம்பரம், இன்னும் எத்தனையோ பேர். ஜெனிட்டா என் பக்கத்தில் வந்து, "இவங்கள்லாம் யாரு அங்கிள்? அத்தையோட ஸ்டூடன்ட்ஸா? அத்தை டீச்சரே இல்லையே" என்று கேட்டாள். எனக்குத் தெரியும். தெரியாது என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் கஸ்தூரியம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவராகவே பேசினார்.

"புக்கு வந்துச்சு சார், எங்க பேருதான் வரல. டீச்சர் வெயில்ல வந்து என் கடையாண்ட குந்திச்சு. 'கஸ்தூரி, எழுதி வச்ச பேப்பரைத் தொலைச்சுட்டேன், என் தப்புதான், மன்னிச்சுக்கோ'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. எனக்கு ஒரு மாரியா பூட்ச்சு. அட வுடு டீச்சர்ன்னேன். ஒவ்வொருத்தர் வூடா போயி அதேதான் சொல்லிச்சாம். படப்பை இன்னா, மறைமலை நகர் இன்னா, நோவுற காலை வச்சிக்கினு எல்லா எடத்துக்கும் போச்சு."

கஸ்தூரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எடிட்டர் சார்னு ஒருத்தரு, ரொம்ப நல்லவரு, என்னால அவருக்கும் கெட்ட பேருன்னு சொல்லிச்சு. நீ டீச்சரோட ஆபீஸ்ல இருந்தவருதானே? அந்த எடிட்டரு வந்துக்கீறாரா?"

"நான்தான்" என்றேன்.

"நீதானா சார்!" என்று அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். சுற்றியிருந்தவர்களும் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்கள். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் நான் மனிதன். திறக்கவில்லை. பதிலுக்குக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து மீனாவிடம் எல்லாவற்றையும் முதல் முறையாகச் சொன்னேன். "கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?" என்றாள். பிறகு, "அந்தம்மாகிட்டயாவது போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போனேன். பீன்ஸ் நிறுத்துக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாவிடம், பேப்பரைத் தொலைத்தது அக்கா இல்லை, பெயர்களை எடுத்ததும் நான், பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டதும் நாங்கள்தான் என்று சொன்னேன். தராசு பிடித்த கை நின்றது.

"டீச்சருக்குத் தெரியுமா, நீதான்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினுதான் எங்களாண்ட வந்து கும்பிட்டுச்சா?"

"ஆமாம்மா."

கையிலிருந்த பீன்ஸைக் கூடையில் போட்டார். "ஏன் சார், அது உசுரோட கீறசொல்ல ஒரு நாளு போயி சொல்லிக்கலாமே. அது வூடு இன்னா டில்லிலயா கீது?"

நான் அங்கேயே நின்றேன். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"ஓரமா நில்லு சார். ஏவாரம் கெடுது" என்றார்.

சுகிர்தம் அக்கா, உங்களைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டது ஜெனிட்டா செய்த தவறு. அவளுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். என் பழியை உங்கள் தலையில் சுமந்துகொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள், நான் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கேக் தின்றுகொண்டிருந்தேன். இனி யாரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்பது? கேட்டாலும் தர நீங்கள் இல்லை. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் அக்கா. நான் வந்து சேருகிற இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் சாட்சிகளின் பெயர்களையாவது இங்கே வாசித்துவிட வேண்டும் என்று நேற்று தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கஸ்தூரி, தாம்பரம் மார்க்கெட். சலீம் பாய், கேம்ப் ரோடு. ஏகாம்பரம், அனகாபுத்தூர். தனசேகர், மறைமலை நகர். நர்ஸ் புஷ்பா. உங்கள் அண்ணி கிரேஸ். நாற்பத்தொரு பேரில் ஆறு பேர்தான் எனக்குத் தேறினார்கள். மற்றவர்களில் இருபது பேருக்குக் குறையாமல் அன்று உங்கள் குழியோரத்தில் என் பக்கத்தில் நின்றார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரிடமும் நான் பெயர் கேட்கவில்லை.